மூன்று மில்லி

அதிகாலை மூன்று நாற்பது. ஏழாம் எண் கண்ணாடிப் பெட்டி.
அறுநூற்றுப் பத்து கிராம்.
கடை ரொட்டிகூட எழுநூறு இருக்கும்.

"பாதர் டர்பனிலிருந்து வர நேரமாகும், சிஸ்டர்.
நீங்களே ஊற்றுங்கள்.
அவசரத்துக்கு யாரும் ஊற்றலாமாம்"
என்றாள் பெர்னதெத் சவரிமுத்து,
தையல் போட்ட வயிற்றைத் தாங்கியபடி
சக்கர நாற்காலியிலிருந்து.

யாரும் என்றால், நானுமா?

எங்கள் சபையில் குழந்தைக்குத் தண்ணீர் கிடையாது.
கையில் ஏந்தி ஜெபிப்போம், அவ்வளவுதான்.
விசுவாசித்தவர் தன் காலால் இறங்கவேண்டும்.
பத்தொன்பது வயதில் நான் இறங்கினேன், இசிப்பிங்கோ கடலில்.
பாஸ்டரின் ஒரு கை என் முதுகில், ஒரு கை மூக்கில்.
அவர் வாய் திறக்குமுன் அலை என்னை முழுக்கிவிட்டது.
அது கணக்கில் சேராது என்று
மறுபடி அமிழ்த்தினார். பிரிசில்லா என்றார்.
அன்று மாலை சாட்ஸ்வொர்த் வீட்டில்
அப்பா வாளித் தண்ணீரை மொண்டு
தன் தலையில் ஊற்றிக்கொண்டார்:
"உன்னைத் தலைமுழுகியாச்சு."
ஒரே நாளில் ஒரே குடும்பத்தில்
இரண்டு முழுக்கு.

இவர்கள் இதைத் திருமுழுக்கு என்கிறார்கள்.
முழுக்கு எங்கே இதில்?
நனைந்தால் உடம்பு குளிர்ந்துவிடும்.
குழாய்த் தண்ணீர் ஆகாது.
ஸ்டெரைல் வாட்டர் குப்பியை உடைத்து
ஐந்து மில்லி சிரிஞ்சில் மூன்று இழுத்து
அக்குளில் இடுக்கிச் சூடேற்றினேன்.

தண்டேக்கா பெட்டியின் சின்னக் கதவைத் திறந்து பிடித்தாள்.
அவள் சபை விடியுமுன் கடலுக்குப் போகும்:
வெள்ளை அங்கி, பச்சைக் கயிறு, முரசு.
நோய் வந்தால் திரும்பவும் போகும்.
சிரிஞ்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை.

"பெயர்?"
யோசிக்கவில்லையாம். எட்டாம் மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று
இருந்துவிட்டார்களாம்.
பெர்னதெத் சுவரைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.
என் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையைப் பார்த்தாள்.
ஆஸ்பத்திரியில் மட்டும் மிஞ்சியிருக்கிறது
அப்பா வைத்த பெயர்.

"கோகிலம்" என்றாள்.

கோகிலம், பிதா, ஒன்று.
குமாரன், ஒன்று.
பரிசுத்த ஆவியின் என்னும்போது
நாக்கு ஒட்டிக்கொண்டது. கை ஒட்டவில்லை.
உச்சிக்குழியில் ஒரு துளி நின்று
துடிப்போடு துடித்து
காதோரம் வழிந்தது.

திங்களன்று பாதர் பதிவேட்டோடு வந்தார்.
ஷிப்ட் மாறும்போது நாங்கள் கேட்பதுபோல் கேட்டார்:
தலையிலா? தண்ணீர் ஓடியதா? மூன்று பெயரும் சொன்னீர்களா?
"அப்படியானால் ஆயிற்று. இனி ஊற்றக்கூடாது.
எண்ணெயும் மெழுகுவர்த்தியும் தேறிய பிறகு."
கொடுத்தவர் என்ற கட்டத்தில் என் பெயர்.
எந்தச் சபை என்று கேட்கவில்லை.
என் சபையிலும் யாரும் கேட்கவில்லை,
நான் சொன்னால்தானே.

இன்று எழுநூற்று ஐந்து. ரொட்டியைத் தாண்டிவிட்டாள்.

அன்றிரவின் நீர்க்கணக்குத் தாள்தான் இடிக்கிறது.
ஒவ்வொரு மில்லியையும் எழுதவேண்டும்,
உள்ளே போனது ஒரு பக்கம், வெளியே வந்தது ஒரு பக்கம்.
மூன்றைக் கையில் வைத்துக்கொண்டு
விடியும்வரை நின்றேன்,
எந்தப் பக்கம் என்று தெரியாமல்.