ஒரு சாண் தூரம்

என் வேலை ஒரு சாண் தூரத்தில் நடப்பது.
புரசைவாக்கம் ஹை ரோட்டில்
கண்ணாடிக் கடையின் பின்னறை.
விளக்கை அணைத்தால்
வந்தவர் கண், என் கண்,
நடுவில் பொட்டளவு வெளிச்சம்.

அந்த இருட்டில்தான்
எதிரில் இருப்பவர் மூச்சைப் பிடித்துக்கொள்வது
எனக்குக் கேட்கத் தொடங்கியது.
பயம் என்று நினைத்தேன்.
பிறகு ஒரு பள்ளிக்கூடப் பையன்
எழுத்தைப் படிக்காமல் மூக்கைப் பொத்தினான்.
அவன் தொடையில் அம்மா கிள்ளியதையும் பார்த்தேன்,
பார்ப்பதுதானே பிழைப்பு.

ஏலக்காய். கிராம்பு.
நாக்கு வெந்துபோக நீலத் தண்ணீரில் கொப்பளிப்பு.
மூன்று மணி ஆனால்
ஓட்டேரி நாலா மறுபடி வாய்க்குள் ஓடும்.

அயனாவரத்துப் பல் டாக்டர் ஹெப்சிபா
முகக்கவசத்துக்குள் சிரித்தார்:
"எல்லாத்தையும் கொன்னுட்டா எப்படி?
காலி வீடுன்னா கண்டவனும் வந்து குந்திக்குவான்.
நல்ல குடித்தனமா வைங்க."
சீட்டில் எழுதியது நல்ல கிருமி,
சப்புகிற மாத்திரையாக.
ராத்திரி, பல் துலக்கி, நாக்கு வழித்த பிறகு.
"கேரண்டி கேக்காதீங்க.
சிலருக்குக் கேக்குது, சிலருக்கு இல்ல."

முப்பது மாத்திரை, அறுநூற்று நாற்பது ரூபாய்.
அட்டையில் இருந்த பூஜ்யங்களை
விரல் வைத்து எண்ணினேன்:
ஒரு மாத்திரைக்குள்
இந்த ஊர் ஜனத்தைப்போல் பல மடங்கு.
எலுமிச்சை ருசியோடு கரைந்து
அட்வான்ஸ் இல்லாமல் குடியேறுகிறார்கள்
என் கடைவாய்ச் சந்தில்.
வாடகை வேண்டாம் என்கிறேன், வாய் திறக்காமல்.
பழைய ஆட்களோடு
என்ன பேச்சுவார்த்தை நடத்துவீர்களோ, நடத்துங்கள்.
விடியும்வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் குடிக்காமல்
படுத்திருக்கிறேன்,
வீட்டுக்காரன்.

பத்தொன்பதாம் நாள்
பில் போடும் தில்ஷாத்தைக் கூப்பிட்டேன்.
அவளுக்குப் பொய் வராது; அதனாலேயே
இரண்டு கடையில் வேலை போனது.
"ஊதுங்க," என்றாள், கல்லாவுக்கு மேல் குனிந்து.
ஊதினேன்.
யோசித்தாள்.
"டீ. வெறும் டீ."

கிருமியா, நாக்கு வழித்ததா,
இல்லை அவள் மூக்கடைப்பா, தெரியவில்லை.

சாயங்காலம் எத்திராஜுலு வந்தார்,
லாரி புக்கிங் ஆபீஸ்காரர்.
பேர் சொல்லும்போதே வாயை மறைத்தது கை.
அந்தக் கையை எனக்குத் தெரியும்.
"கையை எடுங்க, தாடையை இதுல வைங்க," என்றேன்.
விளக்கு அணைந்தது.
நான் மூச்சைப் பிடிக்கவில்லை.
"கீழ் வரிசை, முதல் எழுத்து?"
தயங்கினார்.
பிறகு முழு வாயும் திறந்து,
"ஆ."