பஞ்சு

மொகொட்லாங் மலையில் ஜூலைப் பனி.
ஜெனரேட்டர் இருமி அணைந்த நொடியில்
ஊசி என் கையுறையைத் தாண்டியது.

குழாயில் தண்ணீர் உறைந்திருந்தது.
கெட்டிலில் மிஞ்சிய வெதுவெதுப்பில்
சோப்புப் போட்டுக் கழுவினேன்.
பிதுக்கக் கூடாது. பிதுக்கவில்லை.
ஆயிரத்தில் மூன்று பேருக்கு என்பது பாடம்.
அந்த மூவருக்குப் பாடத்தில் முகமில்லை.

மேய்ப்பர் ட்செலிசோ,
மாத்திரை தொடங்கி மூன்றே வாரம்,
போர்வைக்குள்ளிருந்து கேட்டார்:
"குத்திவிட்டதா சிஸ்டர்? என்மேல் கோபமா?"
ஊசி இருந்தது என் கையில்தானே
என்று சொல்ல எனக்கு
ஒரு மூச்சு கூடுதலாகப் பிடித்தது.
அந்த மூச்சு அவர் காதில் விழுந்துவிட்டது.

பதிவேட்டில் நானே எழுதினேன்:
கெனேயுவே, முப்பத்தாறு, பெண்.
இருபத்தெட்டு நாள்.
குமட்டல் கொஞ்சம் வரும் என்று
எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!
கொஞ்சமில்லை.

விடிந்ததும் டாக்ஸி.
குண்டும் குழியுமான பாதையில்
பைக்குள் புட்டி கலகலத்தது.
பக்கத்து இருக்கைப் பெண் திரும்பினாள்.
பையை முழங்கையால் அமுக்கினேன்.

மருந்தகத்துக்குத் திரும்பிவரும் புட்டிகளில்
பஞ்சு அடைத்திருக்கும்.
"ஈரம் படாமலிருக்கவா?" என்று
விவரம் தெரிந்தவளாய்க் கேட்பேன்.
யாரும் பதில் சொன்னதில்லை.
அன்றிரவு கதவைச் சாத்திவிட்டு
நானும் பஞ்சு பிய்த்தேன்.

ஒன்பதாம் நாள்
ட்செலிசோவுக்குக் கட்டு மாற்றக் குனிந்தேன்.
பஞ்சு நழுவியிருக்க வேண்டும்,
என் சட்டைப்பை சத்தமிட்டது.
அவர் ஒன்றும் கேட்கவில்லை.
தலைமாட்டில் கைவிட்டுத் தன் புட்டியை எடுத்து
ஒரே ஒருமுறை குலுக்கினார்,
மூடுபனியில்
ஒரு மந்தையின் மணிக்கு
மறு மந்தை பதில் சொல்வதுபோல.

நாடி எழுபத்திரண்டு என்று எழுதினேன்.
யாருடையதை எண்ணினேனோ.