ஏழாம் எண் மரம்

பினாங்கு மலைக்கு முதல் ரயில் ஆறரைக்கு.
பையில் கண்ணாடிக் குழாய்கள், கையடக்கப் பம்பு,
நாசி லெமாக் பொட்டலம் இரண்டு.
ஒன்று எனக்கு, ஒன்று காவலாளி சைனோலுக்கு.
அவர் இல்லாத நாளில் குரங்குகள்
நான் கட்டும் பைகளைக் கிழித்து
தலையில் மாட்டிக்கொள்ளும்.

பன்னிரண்டு டாமர் மரங்கள்.
ஊசியிலை இல்லை, ஆனாலும்
கூம்பு காய்க்கும் சாதிதான்.
ஆறுக்கு யூரியா வைத்தோம்.
மற்ற ஆறுக்கு மண் கொடுத்ததுதான் சோறு.
ஒரு கிளையைப் பைக்குள் விட்டு, வாய் கட்டி,
இருபது நிமிடம் உட்கார்ந்திருப்பேன்.
மரம் விடும் மூச்சு குழாயில் போய் ஒட்டும்:
பைனீன், லிமோனீன்,
பெயர் தெரியாமல் வெறும் எண்ணாக நிற்கும் இன்னும் இரண்டு.

மாசி வெயிலில் பட்டை வெடித்துப் பிசின் கசிய
தாளில் கோடு மலையேறும்.
ஐப்பசியில் அதே கோடு
கொடியில் நனைந்த துணியாய்த் தொய்யும்.
நடுவில் சுமத்ரா புகை வந்து நின்ற பதினோரு நாளை
எந்தப் பருவத்தில் சேர்ப்பது?
யாரும் சொல்லவில்லை.

தழைச்சத்து தின்ற மரங்கள் தளதளவென்று நின்றன.
அவைதான் கூட மணக்கும் என்று
பந்தயம் கட்டினார் டாக்டர் தியோ.
நாலு வெள்ளி தோற்றார்.
அதிகம் பேசியது ஏழாம் எண்,
பாறை விளிம்பில்
கையளவு மண்ணில் நிற்பது.
புது இலை விட வழியில்லை,
வெயில் ஊட்டிய சர்க்கரையை வேறு என்ன செய்யும்?
பிசினாக்குகிறது, மணமாக்குகிறது,
காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது.
இது என் விளக்கம்.
தியோவினுடையது மூன்று பக்கம்.

தைப்பூசத்துக்கு மறுநாள்
ஏழின் தாளில் புதிதாய் ஒரு கொம்பு முளைத்தது.
கருவிக்குக் கோளாறோ என்று
வெறுங்குழாயை ஓட்டிப் பார்த்தோம்.
கருவி நன்றாகத்தான் இருந்தது.
பட்டியலில் தேடியதும் பெயர் வந்தது:
கற்பூரம்.

"அந்த வரியை அடித்துவிடு" என்றார்.
அடித்தேன்.
அடித்தால் ஓரத்தில் காரணம் எழுதவேண்டும், அது விதி.
'மேலே கோயில், காற்று இறங்கிய திசை' என்று எழுதினேன்.
அன்று காலை சன்னதியில்
சுடரை ஒற்றிக் கண்ணில் வைத்த கையோடு,
உறை மாட்ட மறந்து,
நான் பை கட்டியதை
எழுதவில்லை.

சைனோலுக்கு மட்டும் சொன்னேன்.
என் கையை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு,
"சோப்பு மணம்தான்" என்றார்.

நாளை மழையாம்.
ஏழுக்குப் புதுப் பை வேண்டும்.