இடது விளக்கு

காசிமேட்டு ஐஸ் கம்பெனியில்
இருபத்தாறு வருஷம் கணக்கு எழுதினேன்.
தொண்ணூறில், பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில்,
டிக்ரூஸ் என்பவரிடம் ஒன்பதாயிரம் கொடுத்து
ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கினேன்.

"கம்பெனியே பூட்டிக்கினு பூட்டான்,
இன்னாத்துக்குமா பொணத்தத் தள்ளிக்கினு வர்ற?"
என்றான் கேட்கீப்பர் கன்னியப்பன்.
தள்ளிக்கொண்டுதான் வந்தேன்,
கொருக்குப்பேட்டை கேட் வரைக்கும்.

தென்கோடியில், பெருங்களத்தூரில் பிறந்த வண்டி.
துருப்பிடிக்க வடகோடிக்கு வந்தது.
கடல்காற்று எதை முதலில் தின்னும் என்று
பேரேடு போல எழுதி வைத்திருக்கிறேன்:
கதவின் அடி, டிக்கியின் மடிப்பு,
அப்புறம் பெயர்.
நெற்றியில் இருந்த எழுத்துகளில் இரண்டு
ஒரே மழையில் உதிர்ந்தன.

ஆனால் திரும்பும்.
ஐயோ, எப்படித் திரும்பும்!
ராயபுரம் சந்துக்குள்
மீன்பாடி வண்டியும் தண்ணி லாரியும்
மூக்கோடு மூக்கு வைத்து நிற்கும்.
அம்பாசிடர்காரர் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி,
நாலு பேரைக் கெஞ்சிக்கொண்டிருப்பார்.
நான் ஸ்டீயரிங்கை ஒரே ஒடி.
பாவாடை சுற்றுகிற மாதிரி திரும்பி
வந்த வழியே போயிருப்பேன்.

பானெட் மட்கார்டோடு மொத்தமாய் முன்னால் சாயும்.
திறந்தால் வாய் பிளந்த வஞ்சிரம்.
திறந்தபடிதான் பாதி நாள் நின்றது,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

வடக்கே நாங்கள் ஐந்து பேர்.
தண்டையார்பேட்டை பல் டாக்டர் குணபூஷணம்,
மண்ணடி இரும்புக்கடை ஹயாத் பாஷா,
வியாசர்பாடி போஸ்ட்மாஸ்டர் லூர்துசாமி,
திருவொற்றியூரில் ஒருவர்
(பெயர் மறந்துவிட்டது, வண்டி வெளிர்பச்சை),
நான்.
ஐந்து வண்டிக்கும் சேர்த்து
உடையாத பின்விளக்கு ஒரே ஜோடி.
யாருக்கு எஃப்.சி. மாசமோ அவர் வீட்டுக்குப் போகும்,
துண்டில் சுற்றி, பிஸ்கட் டின்னில்.

"மேடம், இந்த இடது கண்ணாடிக் கீறலை
ஆடியிலேயே பார்த்தேனே, ஒரு பச்சை வண்டியிலே?"
என்றார் இன்ஸ்பெக்டர்.
"ஹெரால்டுன்னா எல்லாம் ஒண்ணு போலதான் சார்."
"கீறலுமா?"
கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

முதலில் போனது பாஷாவின் வண்டி.
ஊர் வண்டியெல்லாம் வெட்டி எடை போட்டவர்
தன்னுடையதை எதிர்க்கடைக்கு அனுப்பினார்.
சீட்டைக் கழற்றிய பிறகு அறுநூற்று நாற்பது கிலோ.
எடை சொல்லும்போது அவர்
டீ சொல்லப் போயிருந்தார்.

அப்புறம் பச்சை. அப்புறம் லூர்துசாமி,
வண்டிக்கு முன்பு அவர்.
மிஞ்சிய இரண்டு பேருக்கும் சண்டை.
டின் யார் வீட்டில் இருப்பது?
கடைசியில் குணபூஷணம்,
பல் பிடுங்குகிற நிதானத்தோடு,
இடதை அவர் வைத்துக்கொண்டார், வலதை என் கையில் தந்தார்.
பதினோரு வருஷம் பேசவில்லை.

போன ஐப்பசி. புதுப்பிக்கப் போனால்
கம்ப்யூட்டர் பையன் மேலும் கீழும் தேடுகிறான்.
"ஸ்டாண்டர்டுன்னு ஒரு கம்பெனியே லிஸ்ட்ல இல்லயேம்மா.
'மற்றவை'ல போட்டுடவா?"
போடு என்றேன்.

திரும்பும் வழியில் கேட் சாத்தியிருந்தது.
சரக்கு ரயில். எண்ணெய் டாங்கர்களை
நாற்பதுக்கு மேல் எண்ணவில்லை.
இருட்டு விழுந்தது. எனக்கு முன்னால்
ஒரு வண்டியில் இடது பக்கம் மட்டும்
சிவப்பாய் எரிந்தது.
எனக்கு வலது மட்டும்.
பின்னால் நின்ற லாரிக்காரன்
என்ன நினைத்தானோ.

கேட் தூக்கினார்கள்.
முன்வண்டி இருமியது, இன்னொரு தடவை இருமியது,
நின்றது.
ஊரே ஹாரன் அடிக்கிறது.
கண்ணாடிக்குள் வழுக்கைத் தலை அசையவில்லை.
எனக்கு அறுபத்தெட்டு, முழங்கால் சரியில்லை.
இறங்கினேன்.
"கிளட்சை விடாதீங்க டாக்டர், நான் சொல்ற வரைக்கும்."
தண்டவாளத்தைத் தாண்டும் வரை தள்ளினேன்.
கை வைக்க வேறு இடம் கிடைக்கவில்லை.
இடது உள்ளங்கைக்கு அடியில், சுடச்சுட,
அந்தக் கீறல்.