ஏழரை

இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொன்னேன்.
விலா எலும்புகளை எண்ணலாம் போலிருந்தது.
ஜெல் பட்டதும் ஒருமுறை உதறி
"தண்ணிப்பாம்பு ஊருற மாதிரிக் கிடக்கு" என்றார்.

குலவீரசிங்கம், ஐம்பத்தொன்று, முரசுமோட்டை.
விடிய நாலரைக்கு வாய்க்கால் திறக்கப் போனவர்
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரம்பில் குந்திவிட்டார்.
லீசிங் முடியாத உழவு இயந்திரத்தின் பெட்டியில்
வைக்கோல் பரப்பி
மகன் கிளிநொச்சிக்கு ஏற்றி வந்தான்.

படிவம் என் கையில்.
பீடி? "இயக்கம் தடை செய்த நாளில விட்டது, பிறகு தொடங்கினது, பிறகும் விட்டது."
சீனி? இல்லை.
பிறஷர்? பார்த்ததில்லை.
குடும்பத்தில் யாருக்காவது மாரடைப்பு?

கூரை விசிறியைப் பார்த்தார்.
"ஐயா நாப்பத்தேழில, தொண்ணூற்றாறாம் ஆண்டு, உருத்திரபுரத்தில.
தம்பி முப்பத்திரண்டில, மாத்தளனில.
கடைசித்தம்பி பத்தொன்பது.
அம்மாவைப் புடையன் கடிச்சது.
நெஞ்சு பிடிச்சுச் சாகிற வயசுக்கு
ஒருத்தரும் வந்து சேரேல்லை, பிள்ளை."

'இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன்.
புள்ளி: சுழியம்.
இந்தக் கட்டத்தில் நான் போட்ட சுழியங்களைக் குடியேற்றினால்
ஒரு ஊர் வரும்.

திரையில் இதயம் சுருங்கி முடிகிற கணத்தில்
படத்தை நிறுத்தினேன்.
வலது கீழறைச் சுவருக்கு முன்னால்
சாம்பலும் கறுப்புமாய் ஒரு பட்டை.
இரண்டு குறி வைத்து அளந்தேன்.
நம்பாமல் திரும்ப அளந்தேன்.
ஏழரை.

பக்கத்துக் கட்டிலில் ஜேசுரட்ணம் முதலாளி,
நூற்றெட்டுக் கிலோ.
உள்ளே வந்தபோதே எல்லோரையும் ஓடவைத்தவர்.
அவருடையது மூன்று.

கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும் அது.
பசித்தால் இதயம் அதைத்தான் எடுத்துத் தின்னும்.
தசைக்கும் அதற்கும் நடுவில் வேலியில்லை.
வேலியில்லாததால்தான்
கூடிப்போனால் நஞ்சாகி
முடியுரு நாடிக்குள் கசிகிறது.

"எத்தினை?" என்றார்.
"ஏழரை."
சிரித்தார். சிரிப்பு நெஞ்சில் இடறி நின்றது.
"சனியன் அங்கையும் வந்து குந்தீட்டானே!"
"மில்லிமீற்றர் ஐயா. ஒரு நெல்லு நீளம்."
"எந்த நெல்லு? கீரிச்சம்பாவோ, நாடோ?"

நான் வவுனியா ரவுணில் வளர்ந்தவள்.
வாயைத் திறக்கவில்லை.

"கஞ்சிக்கு வரிசையில நிண்ட உடம்பு, பிள்ளை.
கிடைச்சதை ஒளிச்சு வைக்கப் பழகீட்டுது.
வயித்தில வைச்சால் தெரியும், பறிப்பினம்.
நெஞ்சுக்குள்ள ஆர் தேடுறது?"

அது மருத்துவம் இல்லை.
மறுத்துச் சொல்லவும் வரவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப ஒரேயொரு அம்புலன்ஸ்.
புள்ளிகளைக் கூட்டினோம்.
முதலாளிக்கு ஐந்து, இவருக்கு மூன்று.
"ஏழரை இருக்கே, டொக்டர்?"
"படிவத்தில அதுக்கு இடமில்லைத் தங்கச்சி."
இடமில்லைத்தான்.
ஓரத்தில், ஆஸ்பத்திரி முத்திரைக்குக் கீழே,
சிவப்புப் பேனையால் எழுதினேன்.

முதலாளியை ஏற்றிக்கொண்டு
ஏ-ஒன்பதில் சத்தம் வடக்கே போனது.

டொக்டர் அந்தச் சிவப்பைக் கொஞ்சம் பார்த்தார்.
பிறகு மாங்குளத்துக்கு அடித்து
இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார்.
எண்ணைப் பார்த்துத்தானா,
என் முகத்தைப் பார்த்தா,
எனக்குத் தெரியாது.
அரை மணித்தியாலத்தில் வந்தது.
மகன் உழவு இயந்திரத்தை ஆரிடம் விடுவதென்று
வாசலில் நின்று அந்தரப்பட்டான்.

அங்கே போனவர்களைப் பற்றி
எங்களுக்குச் சீட்டு வருவதில்லை.

கட்டில் விரிப்பை உதறினேன்.
வைக்கோலோடு ஒட்டி வந்த நெல்லொன்று
சீமெந்தில் விழுந்து துள்ளியது.
அடிமட்டத்தில் வைத்துப் பார்த்தேன்.
எட்டுக்குக் கிட்ட. கூர் உடைந்திருந்தது.

நாடாகத்தான் இருக்கவேண்டும்.