குறுக்குக் கோடு

அண்ணன் பெயரின் நடுவில் ஓர் எழுத்து.
முதுகு வளைந்து, தலையில்
சின்னதாய் ஒரு குறுக்குக் கோடு.
பரோயே தீவுகளில் அதை எழுதுவோம், உச்சரிக்கமாட்டோம்.
எய்யுன் என்றுதான் கூப்பிடுவோம்.

"இதற்கு ஓசை கிடையாது" என்றார் ரன்வா டீச்சர்.
நிறம் உண்டே, என்றேன்.
ஈரக் கயிற்றின் தவிட்டு நிறம்.
வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பு
பிய்த்துப் போட்ட ஆரஞ்சுத் தோல்.

அவன் சிரிக்கவில்லை.
நாற்பது சொற்களுக்கு நிறம் கேட்டு
நோட்டில் குறித்துக்கொண்டான்.
ஏழு மாதம் கழித்து, மீன் கழுவும்போது
திடீரென்று மறுபடி கேட்டான்.
செவ்வாய்? துரு.
நங்கூரம்? திரிந்த பால்.
ஒன்பது? அதே ஊதாதான், ஆளை விடு.
நாற்பதும் பொருந்தின.
நடுவில் ஓட்டையுள்ள ஐந்து குரோனர் நாணயத்தை
என் ஈரக் கையில் வைத்து
"சரி, நீ பொய் சொல்லவில்லை" என்றான்.

பிப்ரவரியில் படகு போயிற்று.
ஆறு பேர். நான்கு பேரைக் கடல் திருப்பித் தந்தது.
அவன் மெய் கரை சேரவில்லை.

அம்மாவின் குரல் கடுகு மஞ்சள்.
தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பியவள்
"உருளைக்கிழங்கு வெந்துவிட்டதா பார்" என்றாள்.
அதில் நிறமே இல்லை.
கண்ணைக் கசக்கிக்கொண்டு "என்னம்மா?" என்றேன்.
"உருளைக்கிழங்கு."

மற்றதெல்லாம் வெட்கமில்லாமல் நிறத்தோடு இருந்தது.
தேவாலய மணி பச்சை.
துக்கம் கேட்க வந்தவர்களின் காப்பிக் கோப்பைகள்
இளஞ்சிவப்பாய் மோதிக்கொண்டன.
அழகாக இருந்தது.
அதை யாரிடம் போய்ச் சொல்ல?

கோடையில் கிளாக்ஸ்விக் துறைமுகத்தில் கல் நட்டார்கள்.
வெளியூர்ச் சிற்பி, கோட்டை விட்டுவிட்டான்.
கோடில்லாவிட்டால் அது வேறெழுத்து, தகர நிறம்.
எய்யுனுக்குள் யாரோ டப்பாவை உதைத்தது போல.
"அவன் பேர் எல்லோருக்கும் தெரியும், விடு" என்றார் அப்பா.

இருட்டாத ஜூன் இரவொன்றில்
அவனுடைய மீன்கத்தியோடு போனேன். எனக்குப் பன்னிரண்டு.
கருங்கல். முனை இரண்டு முறை வழுக்கி
கட்டைவிரலில் ஏறியது.
காலைக்குள் ஒரு கீறல்,
நகத்தால் தடவினால் மட்டும் தெரியும் அளவு.
போதும். கயிறு நனைந்துவிட்டது.

இப்போது அவனைவிட எனக்கு வயது அதிகம்.
அம்மாவின் மஞ்சள் பாதி திரும்பியிருக்கிறது, சில ஞாயிறுகளில்.
கோபன்ஹேகனில் ஒரு டாக்டர்
இதற்கு நீளமான பெயர் சொன்னார்.
அந்தப் பெயரின் நிறம் பிடிக்கவில்லை.

ஊருக்குப் போகும்போதெல்லாம் கல்லைத் தடவிப்பார்க்கிறேன்.
உப்புக்காற்று கீறலைத் தின்றுகொண்டிருக்கிறது.
கத்தி பையில் இருக்கிறது.