வியாழக்கிழமை விலை

பூம்பாறையில்
பேரி மரத்தடியில் நின்றால்தான் டவர் கிடைக்கும்.
அதுவும் வடக்கே பார்த்து,
இடது காதில் வைத்தால்.

வடுகபட்டியில் ஏலம் முடிந்திருக்கும் என்று
மூன்று மணிக்கு மேடேறுகிறாள் வேலுத்தாய்.
"கிலோ அறுபது" என்கிறது போன்.
"நூத்தி அறுபதா?"
"அறுபதுக்கா."
விதைப்பூண்டு வாங்கியது முந்நூற்று நாற்பதுக்கு.

கீழே
வாய் தைத்த பதினோரு மூட்டைகளின் மேல்
மூன்று பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.
ஜீப்காரர் ஹாரன் அடிக்கிறார்.
காட்டுமாடு மிதித்துப்போன பாத்தியையே
பார்த்துக்கொண்டிருக்கிறாள் சிலம்பாயி,
மேட்டைப் பார்க்காமலிருக்க.

இறங்கி வருவதற்குள்
உரம், களைக்கூலி, மருந்து, வண்டி வாடகை
எல்லாவற்றையும் விரல்கணுக்களில் கூட்டி
நம்பாமல் இன்னொருமுறை கூட்டி
"ஜீப்பைப் போகச் சொல்லு" என்கிறாள்.

அவ்வளவுதான்.
கோணூசியால் தைத்ததைப் பிரிக்கிறார்கள்.
தாளோடு பிடிபிடியாக முடிந்து
அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றுகிறார்கள்.
கிடக்கட்டும், புகை குடித்துக்கொண்டு.
அடுத்த நடவுக்கு
யாருக்காவது விதை வேண்டித்தானே இருக்கும்.

அதுவரைக்கும் வட்டிக்கு என்ன செய்ய?
யாரும் கேட்கவில்லை.
போன வருஷம் சிலம்பாயியின் கம்மல்.
அதற்கு முந்தி பொன்னுருவியுடையது,
போனது போனதுதான்.
விளக்கமாற்று ஈர்க்கைக் கிள்ளி
நகத்தில் வைத்து அளவு பார்த்து
இரண்டு துண்டு நீட்டுகிறாள் பொன்னுருவி,
பழகிய கை.

வேலுத்தாய்க்கு
இடது காதில் இன்னும் போனின் சூடு.
வலதிலிருந்து ஆரம்பிக்கிறாள்.